நான் வாசிக்காத மூன்றாவது அடுக்கு

நான் ஒரு ஃபிலிமை வாசிக்காமலேயே வாசித்ததாக எழுதிக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி பேச எனக்கு நன்றாக வரும். இத்தனை வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில் எங்கள் ஆராய்ச்சிக் கூடம். மொத்தமே மூன்று பேர். எங்கள் பேராசிரியர், நான், கல்லலில் இருந்து தினமும் ரயிலில் வந்துபோன ஒரு பெண். நான் இரண்டு வருடம் மூத்தவன் என்பதால் என்னை ‘அண்ணே’ என்பாள். நான் ‘வாம்மா, போம்மா’ என்பேன். அவள் அப்பா கல்லல் பக்கம் நெல்லும் கடலையும் போடுகிற சம்சாரி. அந்த வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் டிபன் டப்பாவில் அவித்த கடலை இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. அதில் பாதிக்கு மேல் தின்றது நான்.

அவளுடைய ஆராய்ச்சி ஒரு ஷிஃப் பேஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓர் ஆல்டிஹைடையும் ஓர் அமீனையும் ஆல்கஹாலில் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, நடுவில் இருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுபோகும். மிஞ்சுவதுதான் ஷிஃப் பேஸ். எங்களுடையது நல்ல எலுமிச்சை மஞ்சள். அதன் வித்தை என்னவென்றால், இருட்டில் மஞ்சளாக இருக்கிற படிகத்தைக் காரைக்குடி வெயிலில் காட்டினால் கொஞ்ச நேரத்தில் சிவந்துபோகும். மறுபடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் மறுநாள் பழையபடி மஞ்சள். இதற்குத் தம்பி முறையில் இன்னொரு சேர்மம் உண்டு. ஒரே ஒரு குளோரின்தான் அதில் கூடுதல். அதை நாள் முழுக்க வெயிலில் காய வைத்தாலும் நிறம் மாறாது.

இது ஏன் சிவக்கிறது, அது ஏன் சிவக்கவில்லை? படிகத்துக்குள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன, பக்கத்து மூலக்கூறை எந்த இடத்தில் தொடுகின்றன, எவ்வளவு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும். ஒரு எக்ஸ்ரே படம் எடுப்பதற்கு முன்பே அவள் தன் பதிலைச் சொல்லிவிட்டாள்.

“இதுக்கு உள்ளே நெருக்கடி இல்லண்ணே. எங்க ரயில்ல ஞாயித்துக்கிழமை மாதிரி. காலை நீட்டி, இங்குட்டு அங்குட்டு திரும்பி உக்காரலாம். அதான் வெயில் பட்டதும் மூலக்கூறு திரும்பிக்கிருது, செவக்குது. அந்தக் குளோரின் இருக்கே, அது திங்கக்கிழமை ரயிலு. ஒருத்தர் மேல ஒருத்தர் ஒட்டிக்கிட்டு நிக்கிறாக. எப்படித் திரும்புறது?”

“சரிம்மா, இதையே தீசிஸ்ல எழுதிரு. கல்லல் ரயில் தத்துவம்னு” என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். அவள் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் கிண்டல் செய்தேன். என் ஆராய்ச்சி ஒரு தாமிர உப்பு. ஒன்றரை வருடமாக அது மண்ணைப் போலப் பொடியாகவே வந்துகொண்டிருந்தது. வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிடலாம், வேறு என்ன!

படிகம் வளர்ப்பதில் அவள் கை ராசியான கை. எங்கள் ஊர்ச் சூட்டில் ஆல்கஹால் மடமடவென்று ஆவியாகிவிடும்; அவசரமாக வளர்ந்த படிகம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகப் போகும். வீட்டில் குடிதண்ணீர்ப் பானையை ஈரமணலில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு மண்தொட்டியில் ஈரமணல் போட்டு அதற்குள் பீக்கரை இறக்கினாள். மேலே வடிதாள் மூடி, ஊசியால் நாலு ஓட்டை. அதை இருட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினாள். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் மணலுக்குத் தண்ணீர் தெளித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளால் வர முடியாது. அதனால் அலமாரியின் இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்தாள்.

“மணல் மட்டும் காயாமப் பாத்துக்கங்கண்ணே. கதவை ரொம்ப நேரம் தொறந்து வைக்காதீக, வெளிச்சம் பட்டுரும்.”

தை பிறப்பதற்குள் ஊசி மாதிரி, கண்ணாடி மாதிரி ஒரு படிகம் கிடைத்தது. அதைக் கண்ணாடி நாரின் நுனியில் கோந்தால் ஒட்டி, எக்ஸ்ரேயில் சுற்றவிட்டுப் படம் எடுத்தோம். சுழியில் இருந்து நான்கு வரை எண்ணிட்ட ஐந்து அடுக்கு, அடுக்குக்கு ஒரு ஃபிலிம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கரும்புள்ளிகள். சில புள்ளி அழுத்தமாக இருக்கும், சில புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எந்தப் புள்ளி எவ்வளவு கறுப்பு என்பதை வைத்துத்தான் உள்ளே அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போட வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இதை அளக்க மெஷின் கிடையாது. கண்தான். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி மேல் ஃபிலிமை வைத்து, ஒரு கையில் பூதக்கண்ணாடியும் இன்னொரு கையில் படிப்படியாகக் கறுத்த புள்ளிகள் உள்ள ஒப்புப் பட்டையுமாக, ‘இது எட்டு, இது பதினொன்று’ என்று ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட வேண்டும். கழுத்து ஒடிந்துபோகும். ஒருவர் கண்ணை நம்ப முடியாது என்பதால் ஒரே ஃபிலிமை இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஃபிலிமைப் பெட்டி மேல் வைப்பதில் இருந்து எல்லாமே தனித்தனி. பேராசிரியர் பெரிய சாது, சத்தம் போட்டுப் பேசாதவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார்.

“ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பாக்கக் கூடாது. தப்பு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க நமக்கு வேற வழியே இல்லை. ரெண்டு கண்ணும் சண்டை போட்டாத்தான் தப்பு வெளியே வரும்.”

அதனால் அவள் தன் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எந்த அலமாரி? என்னிடம் சாவி இருந்த அதே அலமாரிதான்.

சுழி, ஒன்று, இரண்டு அடுக்கை முடித்துவிட்டு அவள் மூன்றாவதை எடுத்திருந்தாள். நான் இரண்டோடு நின்றிருந்தேன். தை மாதம் அல்லவா, நேமத்தான்பட்டியில் சித்தப்பா மகள் கல்யாணம் வந்தது. ஒரு நாள் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன் ஐந்து நாள் தங்கினேன். பந்தி, சீட்டாட்டம், தூக்கம். ‘எக்ஸ்ரே ஆராய்ச்சி’ என்று ஒருவர் சொல்லிவிட, கல்யாண வீட்டில் எனக்கு ஏக மரியாதை. ஒரு பெரியவர் வேட்டியை ஏற்றி முழங்காலைக் காட்டி, “தம்பி, மழை நாளானா குத்துது. ஒரு படம் புடிச்சுக் குடுத்தீகன்னா நல்லா இருக்கும்” என்றார். அதற்கு மூலக்கூறு என்றால் என்ன என்று அரை மணி நேரம் அளந்துவிட்டேன். பேச்சுக்குக் குறைச்சலே இல்லை.

ஊர் திரும்பிய அன்று பிற்பகலில் மூன்றாவது அடுக்கைப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். ஒழுங்காக வாசித்தால் மூன்று நாள் வேலை. அடுத்து வைத்திருந்த குளோரின் சேர்மத்தின் மணலுக்குத் தண்ணீர் தெளிக்க அலமாரியைத் திறந்தேன். அவள் மூன்றாவது அடுக்கை முடித்து வைத்திருந்த நோட்டு மேல்தட்டில் இருந்தது. அவள் ரயில் வர இன்னும் நேரம் இருந்தது.

முழுக்கக் காப்பி அடிக்கவில்லை, நான் என்ன முட்டாளா! அவள் எட்டு என்று போட்ட இடத்தில் ஒன்பது, பதினொன்று என்ற இடத்தில் பத்து. சில இடத்தில் அதே எண். மங்கலான புள்ளிகளில் கொஞ்சம் தாராளமாக மாற்றினேன், அங்கேதான் இரண்டு கண் வித்தியாசப்படும் என்பதால். இவ்வளவு கவனத்தை ஃபிலிமில் காட்டியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஃபிலிம் உறைக்குள்ளேயே இருந்தது. நான் அதை வெளியே எடுக்கக்கூட இல்லை.

பேராசிரியர் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “பேஷ்! மூணாவது அடுக்குலதான் உங்க ரெண்டு பேர் கண்ணும் ரொம்ப நல்லா ஒத்துப்போகுது” என்றார். அவள் சந்தோஷமாக என்னைப் பார்த்தாள். நானும் பல்லைக் காட்டினேன்.

நாலாவது அடுக்கும் முடிந்ததும், மாசியில், எண்களைத் துளைகளாகப் போட்ட அட்டைகளை இரண்டு பெட்டியில் அடுக்கிக்கொண்டு நான் மெட்ராஸ் போனேன். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. அங்கே கணக்கு ஓடவில்லை. நாம் நினைக்கிற அமைப்புக்கும் ஃபிலிமில் கண்டதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டுகிற ஓர் எண் உண்டு. அமைப்பு சரியாக இருந்தால் அது மளமளவென்று இறங்க வேண்டும். எங்களுக்கு ஒரு மட்டத்தில் வந்து அப்படியே குந்திக்கொண்டது. பங்குனியில் மறுபடி போனேன். மறுபடியும் அதே கதைதான்.

அவளுக்குக் கெடு இருந்தது. சித்திரைக்குள் அமைப்பு வந்துவிட்டால் உதவித்தொகை இன்னும் இரண்டு வருடம் நீளும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் வீட்டில் ஒக்கூர் மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார்கள். ‘பணம் நீண்டால் படி, இல்லையென்றால் கல்யாணம்’ என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நான் கல்யாண வீட்டில் சீட்டாடிய அதே வாரத்தில்தான் அந்தப் பேச்சு நடந்ததாம். இதை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். அந்த வாரம் மனசே சரியில்லாமல் மூன்றாவது ஃபிலிமை வாசித்ததாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, “நல்லவேளை, நீங்களும் வாசிச்சீக. ரெண்டும் ஒத்துப்போச்சு. இல்லைன்னா எனக்குச் சந்தேகமாவே இருந்திருக்கும்” என்றாள்.

அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்கலாம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் என் இடம் போகும் என்ற பயம் இருந்தது. மெட்ராஸில் ஒரு வேலைக்குப் பேராசிரியர் எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவதாக இருந்தார், அந்த ஆசையும் இருந்தது. அந்த ஃபிலிமை நானே சத்தமில்லாமல் எடுத்து வாசித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. ‘ஏற்கெனவே வாசித்ததை ஏன் திரும்ப வாசிக்கிறாய்?’ என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பேராசிரியர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். “வாசிப்புல தப்பு இருக்க முடியாது. ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க. அப்போ படிகம்தான் தப்பு. ரெண்டு படிகம் ஒட்டிப் பிறந்து ஒண்ணு மாதிரி இருந்திருக்கும். வேற படிகம் வளத்துப் பாரும்மா.” அவர் கோபப்படவில்லை. ஆனால் அவள் முகம் செத்துப்போயிற்று. அவள் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் படிகம்தான்.

பங்குனி வெயிலில் மறுபடி வளர்த்தாள். மணலை ஒரு நாளைக்கு நாலு முறை நனைத்தாள். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினாள். எதுவும் பலிக்கவில்லை. ஒவ்வொரு பீக்கரிலும் மஞ்சள் கட்டிதான் வந்தது. ஒருநாள் கட்டியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக்கொண்டே, “எனக்குக் கை வராதுண்ணே. முதல்ல வந்தது ஏதோ குருட்டாம்போக்குல வந்துச்சு போல” என்றாள். கண்ணில் தண்ணீர். நான் கடலைத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். “விடும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்” என்றேன். என்ன எல்லாருக்கும் வருவது? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

சித்திரை முதல் வாரத்தில் அவள் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறையப் பச்சைக் கடலை. பேராசிரியரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் தேடி வந்தார். வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

“தம்பி, வீட்டுல எந்நேரமும் அண்ணன் அண்ணன்னு உங்க பேச்சுத்தான். அதான் உங்ககிட்டயே கேட்டுக்கிருவோம்னு வந்தேன். பெரிய ஐயாகிட்ட எனக்குக் கேக்கத் தெரியாது. ஒக்கூர்க்காரக இனிமே பொறுக்க மாட்டேன்கிறாக. பணம் நீளாட்டிப் போகுது, இந்த ஒரு வருசம் வெள்ளாமை பரவாயில்லை, நானே கைக்காசு போட்டுப் படிக்க வைப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த வேலை அவளுக்கு வருமா, வராதா?”

இப்படி ஒருவர் வந்து கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘வரும் ஐயா, அவளுக்கு வருவது எனக்கே வராது’ என்று சொன்னால் போதும். உண்மையைக்கூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவள் தொடர்ந்து இருந்தால் அந்த ஃபிலிம்களை என்றைக்காவது திரும்ப எடுப்பாள். எடுத்தால் நான் மாட்டிக்கொள்வேன். இந்தக் கணக்கை மட்டும் என் மண்டை ஒரு நொடியில் போட்டுவிட்டது.

“கொஞ்சம் கஷ்டம்தான் ஐயா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று கடலைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனியில் பேராசிரியர் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார், புதுப் படிகம் வளர்க்கச் சொல்லி. எனக்கா வளரும்? சோம்பல்பட்டுப் பழைய ஃபிலிம்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது அடுக்கை முதன்முதலாக உறையில் இருந்து வெளியே எடுத்தேன். ஃபிலிமின் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று தெரிவதற்காக இருட்டறையிலேயே ஒரு மூலையை நறுக்கி வைப்போம். நறுக்கிய மூலை வலது கைப்பக்கம் வர வேண்டும். அப்படி வைத்து, அவள் பட்டியலோடு ஒப்பிட்டேன். அவள் எட்டு என்று எழுதிய இடத்தில் புள்ளியே இல்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் கன்னங்கரேல் என்று ஒரு புள்ளி இருந்தது.

ஃபிலிமைப் புரட்டி வைத்தேன். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. மனசு சரியில்லாத அந்த வாரத்தில் அவள் ஃபிலிமைப் புறம் மாற்றி வைத்து வாசித்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசிப்பு ஒவ்வொன்றும் சரி. இடம் மட்டும் இடவலம் மாறியிருந்தது. நான் வாசித்திருந்தால் முதல் பத்துப் புள்ளியிலேயே இரண்டு பட்டியலும் முட்டிக்கொண்டிருக்கும். பேராசிரியர் சொன்ன மாதிரி இரண்டு கண்ணும் சண்டை போட்டிருக்கும். நான் வாங்கி வைத்திருந்த டீ ஆறுவதற்குள் இதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

படிகம் சுத்தமான ஒற்றைப் படிகம். அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

அட்டைகளைத் திருத்திக்கொண்டு மெட்ராஸ் போனேன். அந்த எண் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அமைப்பு வந்தது. மூலக்கூறின் இரண்டு வளையமும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆக்ஸிஜனில் ஒட்டியிருக்கிற ஹைட்ரஜன் தன் மூலக்கூறுக்குள்ளேயே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்து மூலக்கூறுகளோடு ஓரத்தில் லேசான தொடுதல்தான், இறுக்கம் இல்லை. நடுவில் திரும்பிக்கொள்ள இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேதான்.

பேராசிரியர் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து, “மூணாவது ஃபிலிம் புரண்டிருந்துச்சா? அப்போ நீயும் எப்படி அதே மாதிரி வாசிச்சே?” என்று கேட்டார். கேட்பார் என்று தெரியும். பதிலை ரயிலிலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

“அந்தப் பொண்ணு பெட்டி மேல வச்சிட்டுப் போயிருந்துச்சு சார். நானும் கவனிக்காம அப்படியே வாசிச்சிட்டேன்.”

அவர் என்னை நம்பினார். “பாவம், அந்தப் பொண்ணு” என்று மட்டும் சொன்னார்.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. இரண்டு பெயர், என் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் அடுத்து. நிறம் மாறுவதற்குக் காரணம் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தளர்வு என்ற பத்தியை நான்தான் நல்ல இங்கிலீஷில் எழுதினேன். ரயிலை மட்டும் எடுத்துவிட்டேன். கடைசியில் சின்ன எழுத்தில், படிகம் வளர்த்துத் தந்ததற்காக அவளுக்கு நன்றி. அச்சுப்படி ஒன்றைப் பேராசிரியர் சொன்னார் என்பதற்காக ஒக்கூருக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவது ஃபிலிம் விஷயத்தை அவரே அவளுக்கு எழுதியிருந்தார், படிகத்தில் குறையில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

அவள் கடிதம் எனக்கு வந்தது. உறைக்குள் அலமாரியின் மற்றொரு சாவியும் இருந்தது.

‘அண்ணனுக்கு வணக்கம். கட்டுரையை மூன்று முறை படித்தேன். நாம் பேசிச் சிரித்ததெல்லாம் உண்மையாகவே உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததில் ரொம்ப சந்தோஷம். ஃபிலிமை நான்தான் புரட்டி வைத்தேன் என்று ஐயா எழுதியிருந்தார்கள். என் கவனக்குறைவால் உங்கள் வாசிப்பும் வீணாகி, இரண்டு முறை மெட்ராஸ் அலைந்து, உங்களுக்கு அரை வருடம் போய்விட்டது. அப்பாவிடம் நீங்கள் சொன்னது சரிதான். எனக்கு இந்த வேலைக்குப் பொறுமை இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள். சாவி என்னிடமே தங்கிவிட்டது, இத்துடன் அனுப்புகிறேன்.’

நான்கு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாவது நாள் தபால் ஆபீசில் ஒரு கார்டு வாங்கி, அங்கேயே நின்றபடி எழுதினேன்.

‘பரவாயில்லை அம்மா. தவறு யாருக்கும் நேர்வதுதான். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். நீயும் மனசில் வைத்துக்கொள்ளாதே.’